கிணறு எந்தத் தாலுகா

பணி நிறைவு விழாவில் மாலை போட்டு, சால்வை போர்த்தி, எல்லோரும் மிக்சர் தட்டோடு கலைந்த பிறகு, புதிதாக வேலைக்குச் சேர்ந்த சர்வேயர் பெண் ஒருத்தி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "மேடம், உங்க சர்வீஸ்ல ரொம்பக் கஷ்டமான அளவு எது?" என்று கேட்டாள். மலைப் பக்கம் அட்டைக்கடியோடு மூன்று நாள் அளந்த கதையைச் சொன்னேன். அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்தபின் மனசு உறுத்தியது. அவள் கேட்டதற்கு உண்மையான பதில் ஒரு திராட்சைத் தோட்டத்துக் கிணறு. பத்து வருஷத்துக்கு மேலாக அதைப் பற்றி நான் ஆபீசில் வாய் திறந்ததில்லை. பயம்தான் காரணம். தாலுகாவை மறுபடி இரண்டாகப் பிரிக்கப் போகிறார்கள் என்று இப்போது பேச்சு அடிபடுகிறது. கோடு போடப் போகிறவர்களில் அந்தப் பெண்ணும் ஒருத்தி. அதனால் அவளுக்காகவாவது எழுதி வைக்கிறேன். ஊர்ப் பெயரையும் ஆட்களின் பெயரையும் மாற்றியிருக்கிறேன். தாலுகா எது என்று சொல்லப் போவதில்லை; கிழக்குத் தாலுகா, மேற்குத் தாலுகா என்றே எழுதுகிறேன். நான் வேலை பார்த்தது கிழக்கில்.

எனக்கு ஊர் ராயப்பன்பட்டி. வீட்டுக்காரருக்கு மலைமேலே ஏலத் தோட்டத்தில் மேற்பார்வை வேலை. மாதத்துக்கு இரண்டு தரம்தான் கீழே இறங்கி வருவார். எங்களுக்கு ஒரே மகள், பிரின்சி. சர்வே டிரெய்னிங்கில் எங்கள் செட்டில் பொம்பளைப் பிள்ளைகள் இரண்டே பேர். சங்கிலி பிடிக்க, குறுக்குக் கோல் ஊன்ற, புலப்படம் வரைய என்று எல்லோரும் படிப்பதைத்தான் நானும் படித்தேன். தொழில் கற்றது அதற்கப்புறம், தலைமை சர்வேயர் வேலுச்சாமி சாரிடம்.

மதுரை மாவட்டத்திலிருந்து தேனியைத் தனி மாவட்டமாகப் பிரித்த சமயம் அது. வெளியே வேட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். உள்ளே நாங்கள் ரெக்கார்டு ரூமில் மூக்கில் துணி கட்டிக்கொண்டு, சிவப்புத் துணியில் கட்டிய கிராமக் கட்டுகளைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தோம். இந்தக் கிராமம் பழைய தாலுகாவில் நிற்கும், இது புதுத் தாலுகாவுக்குப் போகும், இது இந்தக் கோட்டத்தின் ஆர்.டி.ஓ.வுக்கு, அது அந்தக் கோட்டத்துக்கு. மாவட்டம் என்றால் மேப்பில் கலர் அடித்த ஒரு துண்டு என்றுதான் வெளியாட்கள் நினைக்கிறார்கள். அந்தத் துண்டைப் பிரித்துக்கொண்டே வந்தால் கோட்டம், தாலுகா, பிர்கா என்று இறங்கிக் கடைசியில் ஒரு கிராமத்தில் வந்து நிற்கும். அந்தக் கிராமத்தின் எல்லை வயற்காட்டில் முழங்கால் உயரக் கல் ஒன்றில் வந்து நிற்கும். மூன்று கிராமம் கூடுகிற இடத்தில் இருப்பதை முச்சந்திக் கல் என்போம். அதன் தலையில் உளியால் குறி போட்டிருக்கும்.

வேலுச்சாமி சார் சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. கஞ்சி போட்ட வெள்ளை அரைக்கைச் சட்டை, கழுத்தில் நூல் கட்டித் தொங்கும் கண்ணாடி, பையில் இரண்டு முனையும் சீவிய நாலு பென்சில். அளவு எடுக்கும்போது சங்கிலி இழுக்கிற செயின்மேன் எண்ணைக் கத்த வேண்டும், நாம் திருப்பிச் சொல்ல வேண்டும், எழுத வேண்டும், எழுதியதைப் படித்துக் காட்ட வேண்டும். ஒன்றை விட்டாலும் அந்தக் கோட்டை முதலிலிருந்து அளக்கச் சொல்வார். அளந்து முடிக்கும்வரை பழைய படத்தைப் பிரிக்க விடமாட்டார். "விடைய முதல்ல பாத்துட்டா கை அதுக்குத் தக்கன வளையும்மா" என்பார்.

பிரிவினைப் பட்டியல் எழுதும்போது ஒன்று நடந்தது. தாலுகா எல்லையை விவரிக்கிற இடத்தில், மேலேயிருந்து வந்த நகலில் பல கிராமங்களுக்கு 'ஓடை வரை' என்று போட்டிருந்தது. சார் அதை ஒவ்வொன்றாக அடித்து, 'கிராம எல்லைக் கற்கள் வரை' என்று என்னை எழுதச் சொன்னார். "ஓடை ஒவ்வொரு வெள்ளத்துக்கும் நகந்துக்கிட்டே இருக்கும். கல்லு நகராது" என்றார். பிரிவினை வேலையைப் பார்த்த பெரிய அதிகாரி அவரைக் கூப்பிட்டு, எல்லோர் முன்னாலும் பிடித்து உலுக்கினார். மந்திரி வருகிற தேதி குறித்தாகிவிட்டது, நீ இன்னும் கல்லைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாயா என்று கேட்டார். சார் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு "சரிங்க சார்" என்று மட்டும் சொன்னார். திரும்பி வந்து, ஓடை ஏன் ஆகாது என்று அரைப் பக்கம் குறிப்பு எழுதி, கையெழுத்துப் போட்டு, அதே கட்டோடு அனுப்பிவிட்டார். இரண்டு பேருக்கும் சஸ்பென்ஷன் வரும் என்று நான் பத்து நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஒன்றும் வரவில்லை. அரசாணையில், கிராமங்கள் ஏற்கெனவே உள்ள எல்லைப்படி என்று இருந்தது. அது எத்தனை பெரிய விஷயம் என்று எனக்கு அப்போது தெரியாது.

மாவட்டம் பிரிந்து மூன்றாவது வருஷம். மாசி மாதம். காலை ஒன்பது மணிக்குத் தாசில்தார் என்னைக் கூப்பிட்டார்.

"அருள்மேரி, ஆலமடைக்குப் போங்க. ஒரு திராட்சைத் தோட்டத்துக் கெணத்துல பொண்ணு பொணம் கெடக்காம். கெணறு நம்ம தாலுகாவா, அவுக தாலுகாவான்னு சண்டை. பாத்துட்டு ஒரு வரி எழுதிக் குடுங்க."

செயின்மேன் பெரியகருப்பனைக் கூட்டிக்கொண்டு ஜீப்பில் போனேன். அவருக்கு அம்பது வயதுக்கு மேல். என்னைவிட அதிக வயல் பார்த்தவர்.

தோட்டம் ஓடைக் கரையில் இருந்தது. ஏக்கர் கணக்கில் பந்தல். ஆள் உயரத்துக்குச் சற்றுக் குறைவாகக் கல் தூண்கள், மேலே கம்பி, கம்பி மேலே கொடி. உள்ளே நுழைந்தால் குனிந்துதான் நடக்க வேண்டும். கருங்குலைகள் தலையில் இடித்தன. எங்கே பார்த்தாலும் கல் நட்டிருந்த அந்த இடத்தில் நான் ஒரு கல்லைத் தேட வேண்டியிருந்தது.

மோட்டார் ரூம் பக்கத்து வேப்பமரத்தடியில் பாய் விரித்து அவளைக் கிடத்தியிருந்தார்கள். பெயர் வசந்தி. வயது இருபத்திரண்டு. கல்யாணமாகி இரண்டு வருஷம். மேலே ஒரு போர்வை. பாதம் இரண்டும் வெளியே தெரிந்தன. ஒரு காலில் மெட்டி இருந்தது, மறு காலில் இல்லை. போர்வை காற்றில் விலகாதபடி கால்மாட்டில் உட்கார்ந்து ஒருவர் அதன் நுனியைப் பிடித்திருந்தார். அவளுடைய அப்பா முருகேசன். ஆண்டிபட்டிப் பக்கம் தறி நெய்கிறவர். சேதி கேட்டு முதல் பஸ்ஸில் வந்திருந்தார்.

சற்றுத் தள்ளி இரண்டு தாலுகாவின் வி.ஏ.ஓ.க்களும் நின்றார்கள். இரண்டு ஸ்டேஷனிலிருந்தும் ஆளுக்கொரு ஏட்டு வந்து மர நிழலில் உட்கார்ந்திருந்தார். வி.ஏ.ஓ. எழுதிக் கொடுத்தால்தான் ஸ்டேஷனில் வழக்கு எடுப்பார்கள். எங்கள் வி.ஏ.ஓ., "ஓடைக்கு மேற்க கெடக்கு. கண்ணாலயே தெரியுது. மேற்குத் தாலுகாதான்" என்றார். மேற்குத் தாலுகாக்காரர், "எங்க கணக்குல இந்தக் கெணறே இல்ல. ஓடை முன்னால ஒரு வெள்ளத்துல எடம் மாறிப் போச்சு. பழைய எல்லை இன்னும் மேற்க இருக்கு" என்றார். தோட்டக்காரருக்கு இரண்டு கிராமத்திலும் நிலம் ஒட்டினாற்போல் இருந்தது. கிணறு பிறகு வெட்டியது. எந்தப் படத்திலும் ஏறவில்லை. அந்த இடத்தில் நிற்க வேண்டிய முச்சந்திக் கல்லைக் காணோம்.

கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள் ஒரு பெண் இப்படிச் செத்தால் ஆர்.டி.ஓ. நேரில் வந்து விசாரிக்க வேண்டும். கிழக்குத் தாலுகா ஒரு கோட்டம், மேற்குத் தாலுகா இன்னொரு கோட்டம். எந்த ஆர்.டி.ஓ. என்று தெரியாமல் இரண்டு பேருமே கிளம்பவில்லை.

முருகேசன் எழுந்து என்னிடம் வந்தார். அழுகை இல்லை.

"ஆத்தா, நீங்கதான் அளக்க வந்தவுகளா? விடிஞ்சதுலேருந்து ரெண்டு பக்கமும் எங்களது இல்லைங்கறாக. வெறகு கொண்டாந்து எறக்கிட்டாக, பாருங்க. பொழுது சாஞ்சா எரிச்சுருவாக. எம்மக தலைல காயம் இருக்கு ஆத்தா. நான் கையால தொட்டுப் பாத்தேன்."

பந்தலுக்கு வெளியே விறகு இறங்கியிருந்ததை நானும் பார்த்தேன்.

அப்போதுதான் ராசாங்கம் வந்தார். இறந்த பெண்ணின் புருஷனுக்கு அண்ணன். தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறவர் அவர்தான். வெள்ளை வேட்டி, மரியாதையான பேச்சு. கையில் சீவிய இளநீர்.

"வெயில்ல வந்துருக்கீக சர்வேயரம்மா. குடிங்க."

வேண்டாம் என்றேன். என்னோடு பந்தலுக்குள் நடந்தார். மற்றவர்கள் காதுக்கு எட்டாத தூரம் வந்ததும் நின்றார்.

"அந்தக் கல்லு கெடைக்காதும்மா. ரொம்ப வருசமாவே அங்கன கல்லு இல்ல. கல்லு இல்ல, ரெண்டு தாலுகாவும் சேந்து வந்து அளக்கணும்னு எழுதிட்டுக் கெளம்புங்க. அது பொய்யில்லையே. உங்க ரூல்ஸுல இருக்குறதுதான்?"

அது ரூல்ஸில் இருப்பதுதான். கூட்டு அளவை என்று பெயர். நோட்டீஸ் கொடுத்து இரண்டு பக்கமும் ஆள் வந்து சேர ஒரு வாரம் ஆகும்.

"பாக்கறேன்" என்றேன்.

"பாருங்க. உங்க மக பிரின்சிதான? பாளையத்துல பன்னண்டாவது படிக்குது. நாலரை மணி பஸ்ஸுல வருது. ரெட்டைச் சடை. நல்ல பிள்ளை, குனிஞ்ச தலை நிமிராது."

அவ்வளவுதான் சொன்னார். சிரிக்கவில்லை, முறைக்கவில்லை. திரும்பிப் போய் அந்த இளநீரை ஏட்டு ஒருவரிடம் கொடுத்தார்.

பந்தல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். காலையில் அவள் சடைக்கு ரிப்பன் கட்டிவிட்டது நான்தான். இவனுக்கு எப்படி அது தெரியும்? எத்தனை நாளாகத் தெரியும்? சாவு நடந்து சில மணி நேரத்துக்குள் அளக்க வரப்போகிற சர்வேயர் யார், அவளுக்கு மகள் உண்டா, எந்த பஸ் என்று விசாரித்து வைத்திருக்கிறான் என்றால், கிணற்றுக்குள் போனவள் எப்படிப் போனாள் என்பது எனக்குத் தெரிந்துபோனது. தெரிந்ததும் பயம் இரண்டு மடங்கு ஆயிற்று.

பெரியகருப்பன் சங்கிலியை உதறிப் பிரிக்கப் போனார். வேண்டாம் என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி மடித்துக்கொண்டார். ஜீப்பின் முன்பக்கத்தில் தாளை வைத்து எழுதினேன். 'ஸ்தலத்தில் முச்சந்திக் கல் காணப்படவில்லை. எல்லையை நிர்ணயிக்க இரு தாலுகா கூட்டு அளவை அவசியம்.' கையெழுத்துப் போட்டேன். எங்கள் வி.ஏ.ஓ. அதை வாங்கி மடித்து, "இது போதும்மா" என்று சட்டைப்பையில் வைத்தார்.

முருகேசனுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் தாள் கைமாறியதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கால்மாட்டில் போய் உட்கார்ந்து மறுபடி போர்வை நுனியைப் பிடித்துக்கொண்டார்.

ஜீப்பில் ஏறப் போகும்போது ரோட்டில் ஒரு பஸ் நின்றது. வேலுச்சாமி சார் இறங்கினார். தேனியில் மீட்டிங்குக்குப் போன மனிதர், விஷயம் காதில் விழுந்து பாதியில் எழுந்து வந்திருந்தார். குடையை மடக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தார்.

"அளந்தீகளா?"

"கல் இல்ல சார்."

"கல்லு இருக்கான்னு கேக்கலம்மா. அளந்தீகளா?"

நான் வி.ஏ.ஓ.வின் சட்டைப்பையைப் பார்த்தேன். சார் அவரிடம் கையை நீட்டித் தாளை வாங்கினார். கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் படித்தார். மடித்து என் கையில் கொடுத்தார்.

"இது உங்க தாளு. கிழிங்கன்னு சொல்ல மாட்டேன். ஃபைல்ல சேருங்கன்னும் சொல்ல மாட்டேன். இப்ப சங்கிலியப் பிரிங்க."

ஒரு கல் காணாமல் போனால் அதன் இடத்தைக் கண்டுபிடிக்க வழி உண்டு. பக்கத்துப் புலங்களில் அசையாமல் நிற்கிற இரண்டு கற்களை எடுத்துக்கொள்ள வேண்டும். பழைய படத்தில் அந்தக் கற்களிலிருந்து காணாமல் போன கல் எத்தனை தூரம் என்று இருக்கும். இரண்டு தூரமும் வெட்டிக்கொள்கிற புள்ளிதான் அது. வெட்ட வெளியில் இது அரை மணி நேர வேலை. பந்தலுக்குள் தூணுக்குத் தூண் சங்கிலி மாட்டியது. குனிந்தபடி, சில இடத்தில் மண்டியிட்டபடி இழுத்தோம். பழைய படம் லிங்க் என்கிற வெள்ளைக்காரன் கால அளவு, எங்கள் சங்கிலி மீட்டர் கணக்கு. ஒவ்வொன்றையும் மாற்றி எழுத வேண்டும். சார் நிழலில் உட்கார்ந்து கணக்கைப் போட்டு எண்களை மட்டும் சொன்னார். வழக்கம்போல், எழுதியதை என்னைப் படித்துக்காட்டச் சொன்னார். ஓர் எண்ணை மாற்றிப் படித்தேன். "இன்னொரு தரம்" என்றார். அப்போது அவர் பென்சிலைப் பார்த்தேன். அதன் முனை அழுத்தி அழுத்தி ஒடிந்திருந்தது; திருப்பி மறு முனையால் எழுதினார்.

ராசாங்கத்தின் ஆட்கள் ஏழெட்டுப் பேர் பந்தலின் நாலு பக்கமும் வந்து நின்றார்கள். கத்தரிக்கோலால் குலை வெட்டுகிறவர்கள்போல் கையில் கத்தரியை வைத்துக்கொண்டு நின்றார்கள். யாரும் குலை வெட்டவில்லை.

இரண்டு கோடும் வெட்டிய இடத்தில் பெரியகருப்பன் ஆணி அடித்தார். அந்த இடத்துக்கும் கிணற்றுக்கும் நடுவே நான்கைந்து எட்டுதான். சுற்றிலும் மண் காய்ந்து வெடித்துக் கிடக்க, ஆணி இறங்கிய இடம் மட்டும் இலைதழை பரப்பி, கொஞ்சம் கறுப்பாக இருந்தது.

"தோண்டிப் பாரு" என்றார் சார்.

பெரியகருப்பன் கடப்பாரையை எடுத்தார். இரண்டு குத்துக் குத்தினார். சுற்றி நின்றவர்கள் ஓர் அடி நெருங்கி வந்தார்கள். அவர் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"தாயி, வேணாம். எனக்கு நாலு பிள்ளைக இருக்கு."

சார் எழுந்து வந்து, கண்ணாடியைக் கழற்றித் தொங்கவிட்டுவிட்டு, கடப்பாரையைத் தானே வாங்கினார். ஓய்வு பெற ஒரு வருஷமே பாக்கியிருந்த மனிதர். மூன்றாவது குத்திலேயே கடப்பாரை ஈர மண்ணுக்குள் பொதபொதவென்று இறங்கியது. கையால் மண்ணை வாரினேன். முழங்கை ஆழத்துக்குச் சதுரமாக ஒரு குழி. பக்கங்களில் கல்லின் சொரசொரப்பு அப்படியே பதிந்திருந்தது. அடியில் கல்லுக்கு இறுக்கம் கொடுக்கப் போடுகிற சரளை. கல்லைப் பிடுங்கிப் புது மண் போட்டு, தண்ணீர் தெளித்து மூடியிருக்கிறார்கள். மாசி வெயிலில் ஒரு பகல் காய்ந்தால் அந்த ஈரம் இருக்காது. அன்று விடிகாலையில் பிடுங்கியிருக்க வேண்டும்.

சார் இரண்டு ஏட்டையும் கூப்பிட்டுக் குழியைக் காட்டினார். பிறகு அந்தப் புள்ளியிலிருந்து எல்லைக் கோட்டை ஓட்டி, கிணற்றின் விளிம்புக்கு என்னை அளக்கச் சொன்னார். கிணறு முழுவதும் கோட்டுக்குக் கிழக்கே இருந்தது. எங்கள் தாலுகா. அறிக்கை எழுதினேன். அவர் கீழே கையெழுத்துப் போட்டார். மதியம் இரண்டு மணிக்கு எங்கள் ஆர்.டி.ஓ.வின் வண்டி வந்தது. விறகை எடுத்துப்போகச் சொல்லி அவர் சொன்ன முதல் வார்த்தை என் காதில் விழுந்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. கல்லைப் பிறகு போலீஸ் மோட்டார் ரூம் வாசலில் கண்டுபிடித்தது. குறி போட்ட பக்கம் மண்ணுக்குள் இருக்க, அதைப் படிக்கட்டாகப் போட்டிருந்தார்கள். தண்ணீருக்குள் விழுவதற்கு முன்பே உயிர் போய்விட்டது என்று ஆஸ்பத்திரியில் எழுதினார்கள்.

திரும்பும்போது சார் கேட்டார், "அவன் என்ன சொன்னான்?" சொன்னேன். "இன்னைக்குப் பஸ்ஸுக்கு நீங்களே போயி நில்லுங்க" என்றார். மூன்றரைக்கே போய் நின்றேன். பிரின்சி இறங்கி, "என்னம்மா நீ இங்க?" என்று கேட்டபோது, கடைக்கு வந்தேன் என்றேன். அடுத்த வாரமே அவளைத் திண்டுக்கல்லில் என் தங்கச்சி வீட்டுக்கு அனுப்பி, பரீட்சையை மட்டும் வந்து எழுத வைத்தேன். காரணத்தை அவளிடம் சொல்லவில்லை. தன்னை வேண்டாமென்று ஒதுக்கிவிட்டதாக அவள் நினைத்தாள். அந்தக் கோபம் தீர அவளுக்கு ரொம்ப நாள் ஆனது.

அந்த வருஷம் அறுப்பு முடிந்தபோது, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயிலிலிருந்து வந்தால், வாசலில் ஒரு கூடை பன்னீர் திராட்சை இருந்தது. பெயர் இல்லை, சீட்டு இல்லை. பக்கத்து வீட்டில் கேட்டேன். யாரோ பைக்கில் வந்து வைத்துவிட்டுப் போனார்கள் என்றார்கள். கொல்லையில் குழி தோண்டிப் புதைத்தேன். அடுத்த அறுப்புக்கும் வந்தது. அதற்கடுத்ததற்கும் வந்தது. போலீசில் என்ன சொல்வது? திராட்சை கொடுத்தார்கள் என்றா? இன்றுவரை எங்கள் வீட்டில் யாரும் திராட்சை வாங்குவதில்லை.

வழக்கு விசாரணைக்கு வர ஐந்து வருஷம் ஆனது. அதற்குள் வேலுச்சாமி சார் ஓய்வு பெற்று, நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்துவிட்டார். அளவைப் பற்றிச் சாட்சி சொல்ல நான் ஒருத்திதான். எங்கள் வி.ஏ.ஓ. எதிர்ப் பக்கத்தோடு ஒட்டிக்கொண்டார் என்று கேள்விப்பட்டேன். அப்படியென்றால் நான் முதலில் எழுதிய தாளைப் பற்றி அவர்களுக்குத் தெரியும். அந்தத் தாளை நான் கிழிக்கவில்லை. ஏன் வைத்திருந்தேன் என்று எனக்கே தெரியாது. பைபிளுக்குள் மடித்து வைத்திருந்தேன். அப்படி ஒன்று எழுதவில்லை என்று சொன்னால் சத்தியம் செய்துவிட்டுப் பொய். எழுதினேன் என்று சொன்னால், அளவே சந்தேகம் என்று கேஸ் உடையும். கூண்டில் ஏறும்வரை எதைச் சொல்லப் போகிறேன் என்று முடிவு செய்யவில்லை.

கூண்டில் ஏறினால், எதிரே வசந்தியின் புருஷன் தலை குனிந்து நின்றான். பக்கத்தில் ராசாங்கம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சங்கிலி எத்தனை நாளைக்கு ஒரு தரம் சரிபார்ப்பீர்கள், வெயிலில் நீளுமா, பந்தலுக்குள் வளையாமல் இழுத்தீர்களா என்று வக்கீல் அரை மணி நேரம் குடைந்தார். அதற்கெல்லாம் பதில் இருந்தது. பிறகு குரலை இறக்கினார்.

"அன்னைக்கு நீங்க குடுத்த முதல் அறிக்கை இது இல்லைங்கிறேன். என்ன சொல்றீங்க?"

"ஆமாங்க. முதல்ல வேற ஒண்ணு எழுதினேன்."

"அதுல என்ன இருந்துச்சு?"

"கல் இல்ல, கூட்டு அளவை வேணும்னு."

"அதாவது, எல்லை தெரியலன்னு. ஒரு மணி நேரத்துல எப்படித் தெரிஞ்சுது? மேலதிகாரி வந்து சொல்லிக் குடுத்தாரா?"

"அவர் வந்தப்புறம்தான் அளந்தோம். முதல் தாளை நான் அளக்காமலே எழுதினேன்."

எழுதிக்கொண்டிருந்த ஜட்ஜ் நிமிர்ந்தார். அவரும் ஒரு பெண்தான். "அளக்காம ஏன் எழுதுனீங்க?"

வக்கீல் குறுக்கே ஏதோ சொல்ல வந்தார். ஜட்ஜ் கையைக் காட்டி அவரை நிறுத்தினார்.

"பயத்துல எழுதினேன் அம்மா."

"என்ன பயம்?"

அந்தக் கேள்வியை ஐந்து வருஷத்தில் வேலுச்சாமி சாரைத் தவிர யாரும் என்னிடம் கேட்டதில்லை. ராசாங்கத்தைப் பார்க்காமல், ஜட்ஜின் மேசையில் இருந்த பேனாவைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். இளநீர், பாளையம், பன்னிரண்டாவது, நாலரை மணி பஸ், ரெட்டைச் சடை. திராட்சைக் கூடையையும் சொன்னேன். ஜட்ஜ் ஒவ்வொரு வரியாகச் சொல்ல, டைப்பிஸ்ட் அடித்தார். மகளின் சடை அரசாங்கத் தாளில் ஏறியது. தாளைக் கேட்டார்கள். பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.

சில மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது. புருஷனுக்கு ஆயுள். ராசாங்கத்துக்கும் தண்டனை கிடைத்தது. மேல் கோர்ட்டில் அது குறைந்தது. சாட்சியை மிரட்டிய தோரணையும் கல்லைப் பிடுங்கிய நேரமும் தீர்ப்பில் பல பக்கத்துக்கு வந்ததாக அரசு வக்கீல் சொன்னார். ஆனால் நான் சாட்சி சொன்ன அன்றைக்கு இது எதுவும் எனக்குத் தெரியாது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், ராசாங்கம் ஜாமீனில் இருக்கிறார், என்னைப்போல அவரும் பஸ்ஸில்தான் வீட்டுக்குப் போவார் என்பதுதான்.

தேனி பஸ் ஸ்டாண்டில் எங்கள் ஊர் வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறி, பொம்பளைகள் பக்கம் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். பஸ் நகரும்போது ராசாங்கம் ஏறினார். எனக்கு இரண்டு சீட் பின்னால் உட்கார்ந்தார். அவருக்குப் பின்னாலேயே படியில் கால் வைத்து இன்னொருவரும் ஏறினார். முருகேசன். ஐந்து வருஷத்தில் ரொம்ப மெலிந்திருந்தார். ஆண்டிபட்டிக்கு நேர் எதிர்ப்பக்கம் போகிற பஸ் அது. தப்பி ஏறிவிட்டாரோ என்று நினைத்தேன். உட்கார இடம் இருந்தது. அவர் உட்காரவில்லை. என் சீட்டுக்கும் ராசாங்கம் சீட்டுக்கும் நடுவில் வந்து, மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

வீரபாண்டி போனது. சின்னமனூர் வந்தது. ராசாங்கம் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தது, அவர் இறங்கவில்லை. கண்டக்டர் அவரிடம் ஏதோ கேட்க, வேறு டிக்கெட் வாங்கிக்கொண்டார். திரும்பிப் பார்க்கத் தைரியமில்லை. கம்பியைப் பிடித்திருந்த கையை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தேன். நூல் அறுத்து அறுத்துத் தழும்பேறிய விரல்கள்.

ராயப்பன்பட்டியில் இறங்கினேன். முருகேசனும் இறங்கி, படியை மறித்தாற்போல் பஸ் கிளம்பும்வரை நின்றார். ராசாங்கம் எழுந்தவர் மறுபடி உட்கார்ந்துகொண்டார். பஸ் போனது.

என் வீட்டு வாசல்வரை பத்தடி பின்னால் நடந்து வந்தார். "உள்ள வாங்கய்யா, காப்பி குடிச்சிட்டுப் போங்க" என்றேன்.

"வேணாம் ஆத்தா. மூணு பஸ் மாறணும். நீங்க கதவச் சாத்திக்கங்க."

சாத்திவிட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வெளிச்சம் குறைந்துகொண்டு வந்தது. அவர் ரோட்டைத் தாண்டிப் போய் நிறுத்தத்தில் நின்றார். பஸ் வருகிற பக்கம் அவர் பார்க்கவில்லை. பஸ் வந்து ஹாரன் அடிக்கும்வரை எங்கள் தெருவைப் பார்த்தபடியே நின்றுகொண்டிருந்தார்.